பிள்ளையை வெளியில் இறக்க என்ன வழி?

கேள்வி: பத்தாம் ஆண்டு படிக்கும் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் போனோடுதான். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: ஏசினால் கதவைச் சாத்திக்கொள்வான் அம்மா, கூட்டாளிமார் படலையில் நின்று கூப்பிட்டால் தானாக இறங்குவான். அயல் பிள்ளைகளோடு சேர்ந்து கரப்பந்துத் திடல் ஒன்று போட விடுங்கள். நீளம் 18 மீற்றர், அகலம் 9. நீளம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்னேர வெயில் ஒரு பக்கத்தாரின் கண்ணில் அடிக்கும். கம்பங்களைப் பக்கக் கோட்டிலிருந்து 1 மீற்றர் தள்ளி, முக்கால் மீற்றர் ஆழத்தில் கல்லிட்டு இறுக்கவேண்டும். ஆழம் குறைந்தால் வலையின் இழுவைக்குக் கம்பம் உள்ளே சாயும், நடுவலை தொய்யும். ஆண்களுக்கான வலை உயரம் 2.43 மீற்றர், பழகும் பிள்ளைகளுக்கு 2.24 போதும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் பந்து விழுந்தால் எடுக்கப் போகவே கூடாது.