பின்சக்கரம் தானாகத் திரும்புவதைக் குறைப்பது எப்படி?

கேள்வி: என்னுடைய போர்ஷே 911 காரை (993 தலைமுறை) 30 மி.மீ. தாழ்த்தியிருக்கிறேன். வளைவில் செல்லும்போது மேடு பள்ளம் குறுக்கிட்டால் பின்பகுதி பக்கவாட்டில் விலகுகிறது. வீல் அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. பம்ப் ஸ்டீரை, அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவதைக் குறைக்கும் கிட் வாங்கிப் பொருத்தினால் சரியாகுமா?

பதில்: கிட் வாங்குவதைச் சற்று ஒத்திவையுங்கள். வழக்கமான அலைன்மென்ட், கார் அசையாமல் நிற்கும் ஒரே உயரத்தில் டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) சரிசெய்கிறதே தவிர, சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த அளவு எப்படி மாறுகிறது என்பதைக் காட்டுவதில்லை. உங்கள் தொல்லை இருப்பது அந்த மாற்றத்தில்தான். வளைவில் சாயும்போது வெளிப்பக்கப் பின்சக்கரம் மேலே ஏறுகிறது. அப்போது அது டோ-அவுட் ஆனால், அதாவது அதன் முன்விளிம்பு வெளியே திரும்பினால், வளைவுக்கு வெளியே பார்க்கத் தொடங்கி, காரின் வாலையும் உடன் இழுத்துச் செல்லும். இஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் இந்தக் காரில் அதன் விளைவு கூடுதலாகவே தெரியும்.

முதலில் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் பால் ஜாயின்ட்களையும் (உருண்டை மூட்டுகள்) பாருங்கள். ரப்பர் நைந்திருந்தால் சக்கரம் உயரத்தால் அல்ல, விசையால் திரும்பும். கீழே சொல்லும் அளவீட்டில் அது அகப்படாது.

அவை நன்றாக இருந்தால், காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆன்டி-ரோல் பாரின் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பையும் விடுவித்துவிட்டு, சக்கரம் மாட்டப்படும் ஹப்பில் ஒரு தட்டையான தகட்டைப் பொருத்துங்கள். அச்சின் உயரத்தில், முன்னும் பின்னுமாக 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு டயல் கேஜ்கள் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவிகள்) அந்தத் தகட்டைத் தொடட்டும். கார் சாலையில் நிற்கும் உயரத்தைப் பூஜ்யமாகக் கொண்டு, ஜாக்கியால் ஹப்பை 10 மி.மீ. வீதம் மேலே 50 வரையும் கீழே 50 வரையும் நகர்த்தி, இரு கேஜ்களும் காட்டும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரம் மொத்தமாக உள்ளே வெளியே நகர்வதால் இரண்டுமே மாறும். நமக்கு வேண்டியது அவற்றின் வித்தியாசம் மட்டுமே. அரை மி.மீ. வித்தியாசம் என்றால் சக்கரம் ஏறத்தாழ 0.1 பாகை திரும்பியிருக்கிறது.

இந்த அளவுகளை வரைபடமாக்கினால் நோய் எது என்று தெரிந்துவிடும். கோடு ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால், டோ லிங்கின் (சக்கரத்தின் டோ கோணத்தைப் பிடித்திருக்கும் கை) ஏதோ ஒரு முனை தவறான உயரத்தில் இருக்கிறது. மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே திசையில் வளைந்தால், லிங்கின் நீளம் மற்றக் கைகளோடு பொருந்தவில்லை. இதை முனையின் உயரத்தை மாற்றும் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்ய முயல்வது வீண்வேலை. லிங்க் அச்சுக்குப் பின்னால் அமைந்த கார்களில், சக்கரம் ஏறும்போது டோ-அவுட் ஆனால் லிங்கின் வெளிமுனையைத் தாழ்த்த வேண்டும், அல்லது உள்முனையை உயர்த்த வேண்டும். அச்சுக்கு முன்னால் அமைந்திருந்தால் இதற்கு நேர்மாறு. முழுப் பூஜ்யத்தைத் துரத்த வேண்டியதில்லை. சக்கரம் ஏறும்போது மிகச் சிறிய டோ-இன் (முன்விளிம்பு உள்ளே திரும்புவது) இருப்பதையே நான் விரும்புவேன், 25 மி.மீ. ஏற்றத்துக்கு 0.1 பாகைக்குள் அடங்கினால் சாலைக்காருக்குப் போதும்.

உங்கள் காரில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. பழைய 911-களின் செமி-டிரெய்லிங் (சாய்வாகப் பின்னோக்கி நீளும்) கைகளைக் கைவிட்டு, 993-இல் போர்ஷே கொண்டுவந்த, பல கைகள் கொண்ட மல்டி-லிங்க் அமைப்பில், டோ, கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) ஆகியவற்றோடு கைனமேட்டிக் டோ (சக்கரம் ஏறி இறங்கும்போது டோ மாறும் விதம்) என்ற மூன்றாவது சரிசெய்தலும் இருக்கிறது. பல அலைன்மென்ட் கடைகள் அதைத் தொடுவதே இல்லை. தொட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் நகரும் என்பதால், மூன்றையும் மாறிமாறிச் சரிபார்க்கும் பொறுமை உள்ளவரிடம் காரைக் கொடுப்பது நல்லது.

தாழ்த்தும்போது கைகளின் உள்முனைகள் உடலோடு சேர்ந்து இறங்கிவிடுகின்றன, வெளிமுனைகளோ சக்கரத்தோடு அதே உயரத்தில் நிற்கின்றன. இப்படிக் கைகளின் சாய்வு மாறுவதால்தான் டோ மாறும் விதமும் கெடுகிறது. ஆகவே 10 அல்லது 15 மி.மீ. திரும்ப உயர்த்திப் பார்ப்பதுதான் செலவே இல்லாத வைத்தியம். தோற்றத்துக்காகத் தாழ்த்தியவர்கள் இதை ஏற்பதில்லை என்பது வேறு விஷயம். உயரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லையென்றால், உள்முனைகளை உயர்த்தி அமைத்த துணைச்சட்டப் (கைகள் பொருத்தப்பட்டிருக்கும் சட்டம்) பக்கத் துண்டுகள் கிடைக்கின்றன. நிலையான டோ-இன்னை (கார் நிற்கும்போது உள்ள அளவு) கூட்டித் தொல்லையை மறைக்கும் வழக்கமும் உண்டு. அதனால் வரைபடக் கோட்டின் வடிவம் அப்படியே இருக்கும், டயர்தான் தேயும்.

கடைசியில் கிட்தான் தேவை என்று அளவீடு சொன்னால், ரோஸ் ஜாயின்ட் (லிங்கின் முனையிலுள்ள உலோக உருண்டை மூட்டு) இரு பக்கமும் தாங்கப்பட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். ஒரு முனையில் மட்டும் பிடித்த போல்ட்டில் ஸ்பேசர்களை அடுக்கினால், அடுக்கு உயர உயர போல்ட்டின் மீதான வளைவிசை பெருகும். அது முறிந்தால் பின்சக்கரம் கட்டுப்பாடின்றித் திரும்பிவிடும். உயரம், கேம்பர், பம்ப் ஸ்டீர், நிலையான டோ என்ற வரிசையில் வேலையை முடித்து, இடமும் வலமும் ஒரே வரைபடத்தைத் தருகின்றனவா என்று மறுபடி அளந்த பிறகே காரை வேகமாக ஓட்டுங்கள்.