சூழலியல் கேள்வி பதில்: எது கொல்கிறது என்று தெரிந்தால்தான்

ஆறுகளிலும் கழிமுகங்களிலும் நீர் மாதிரி எடுத்து, அதில் என்ன வாழ்கிறது, என்ன காணாமல் போனது என்று பார்ப்பது என் வேலை. அண்மைக்காலச் சூழலியல் ஆய்வுகள், இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்கள், ஒப்பந்தங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரி மாணவி ஒருவர்: மேடம், கோடிக்கணக்கில் நட்சத்திர மீன்கள் செத்ததற்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று கண்டுபிடித்தார்களாமே? அதற்கு ஏன் 12 ஆண்டு ஆனது?

நல்ல கேள்வி அம்மா. 2013இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இது தொடங்கியது. மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை இருபதுக்கும் மேற்பட்ட நட்சத்திர மீன் இனங்களுக்கு நோய் வந்தது. அதிகம் அடிபட்டது சூரியகாந்தி நட்சத்திர மீன். ஒரு மீட்டர் அகலம் வரை வளரும், இருபத்துநான்கு கைகள் வரை இருக்கும். நோய் வந்தால் முதலில் தோலில் புண். பிறகு கைகள் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு கையாக உடம்பிலிருந்து கழன்று, தனியே ஊர்ந்து போகும். ஓரிரு வாரத்தில் அந்த விலங்கு இருந்த இடத்தில் வெள்ளையாகக் கூழ் மட்டும் கிடக்கும். அந்த இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டது.

முதலில் ஒரு வைரஸ்மேல் சந்தேகம் விழுந்தது. பின்னர் அதே வைரஸ் நலமாக இருந்த நட்சத்திர மீன்களிலும் இருப்பது தெரிந்தது. கடல் சூடானதுதான் காரணம் என்றார்கள், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது என்றார்கள். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. 2025 ஆகஸ்டில்தான் விடை வந்தது: விப்ரியோ பெக்டெனிசிடா. காலரா கிருமியின் பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியா.

ஏன் தாமதம் என்றால், பெரும்பாலும் தோலையும் தசையையும் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வுக் குழு, நட்சத்திர மீனுக்கு ரத்தம் போல உள்ள உடற்குழி நீரைப் பார்த்தது. கிருமி அங்கே இருந்தது. அதைத் தனியே வளர்த்து, நலமாக உள்ள விலங்குக்குச் செலுத்தினார்கள். அதே நோய் வந்தது, அதே மாதிரி செத்தது. இந்தக் கடைசிப் படி இல்லாமல் 'இதுதான் காரணம்' என்று யாரும் சொல்லக் கூடாது.

நட்சத்திர மீன் போனால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது கடல் முள்ளெலிகளைத் தின்னும். தின்ன ஆள் இல்லாமல் முள்ளெலிகள் பெருகி, கெல்ப் எனப்படும் பெரிய கடற்பாசிக் காடுகளை அடியோடு மேய்ந்துவிட்டன. வடக்குக் கலிபோர்னியாவில் அந்தக் காடு பெரும்பாலும் அழிந்தது. கடல் சூடும் அதில் சேர்ந்துகொண்டது.

ஒருவர் சற்றுக் கோபமாக: எதற்கெடுத்தாலும் 'ஆய்வு தேவை' என்கிறீர்கள். அதற்குள் எல்லாம் செத்துவிடும். மாசைத் தடுக்க ஆய்வு எதற்கு?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த மாசு என்று தெரியாமல் எதைத் தடுப்பீர்கள்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கில் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளுக்குக் கோஹோ சால்மன்கள் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பி வரும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மழை பெய்து சாலைத் தண்ணீர் ஓடையில் இறங்கியதும், சில மணி நேரத்தில் அவை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, நீரின் மேற்பரப்பில் வட்டமடித்துச் செத்துப்போகும். வயிற்றைக் கீறினால் முட்டைகள் அப்படியே இருக்கும். இரண்டு ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி வந்த மீனாக இருந்தாலும் சரி, முட்டையிடாமலே முடிந்துவிடும். ஓடைகளைச் செப்பனிட்டார்கள், கரையில் மரம் வைத்தார்கள். மீன் செத்துக்கொண்டே இருந்தது. பூச்சிக்கொல்லியா, உலோகமா, எண்ணெயா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தார்கள்.

2020இல் கண்டுபிடித்தது டயர். ரப்பரில் விரிசல் விழாமலிருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் என்ற புதுப் பொருளாக மாறுகிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள்; யாரும் செய்தது இல்லை, தானே உண்டானது. டயர் தேய்ந்த தூளோடு மழைநீரில் ஓடைக்குப் போகிறது. மிகமிகச் சிறிய அளவே கோஹோவைக் கொன்றுவிடும்.

பெயர் தெரிந்ததும் வேலை மாறியது. சாலைத் தண்ணீரை மணலும் மட்கும் கலந்த மண் படுகை வழியாக வடிகட்டிவிட்டால் மீன் சாவதில்லை என்பது ஆய்வில் தெளிவானது. 2023இல் கலிபோர்னியா அரசு, இந்தப் பொருளுக்கு மாற்று தேடும் பொறுப்பை டயர் செய்பவர்கள்மீதே வைத்தது. இந்த விதியை 'மாசைத் தடுப்போம்' என்ற பலகையால் கொண்டுவந்திருக்க முடியாது. நான் ஆய்வுக்காக வாதாடுவது தள்ளிப்போட அல்ல, குறி தவறாமல் அடிக்க.

நீங்கள் நீரில் மரபணு தேடுவதாகச் சொன்னீர்கள். ஒரு புட்டித் தண்ணீரில் ஆற்றிலுள்ள மீன் எல்லாம் தெரிந்துவிடுமா?

எல்லாம் தெரியாது, நிறையத் தெரியும். உயிரினங்கள் செதில், சளி, கழிவு என்று தம் டிஎன்ஏவை நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். 2008இல் பிரான்சில் குளத்து நீரைக் கொண்டே அங்கு அமெரிக்கக் காளைத் தவளை இருப்பதைக் காட்டினார்கள். 2022இல் விலங்குக் காட்சிச்சாலைகளில் காற்றை உறிஞ்சி, அதிலிருந்தே எந்த விலங்குகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை இப்படித்தான்: புதுக் கையுறை, ஒரு லிட்டர் நீர், மெல்லிய வடிதாள், கைப் பம்பு. வண்டல் அதிகமான ஆற்றில் கால் லிட்டர் போகும்போதே தாள் அடைத்துக்கொள்ளும். கை வலிக்க வலிக்க அடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சுத்தமான தண்ணீரையும் அதே முறையில் வடிகட்டி ஒரு 'வெற்று மாதிரி' எடுப்போம். ஒருமுறை அந்த வெற்று மாதிரியிலேயே மீனின் டிஎன்ஏ வந்துவிட்டது. முந்தைய நாள் வேறு ஆற்றில் போட்ட காலணியைச் சரியாகக் கழுவி உலர்த்தாதது என் தவறு. அந்த வாரத்து மாதிரிகள் முழுவதையும் தூக்கிப் போட்டோம். வெற்று மாதிரி எடுக்காமல் இருந்திருந்தால், அங்கு இல்லாத ஒரு மீனை இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருப்பேன்.

எத்தனை மீன், உயிரோடு உள்ளதா, மேலே எங்கிருந்து அடித்துக்கொண்டு வந்தது என்பதை இந்த முறை சரியாகச் சொல்லாது. வலை போடுபவர்களுக்கும் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரிந்தது இன்னும் தேவைப்படுகிறது.

ஆழ்கடல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதாமே. இனி கடல் பிழைத்துக்கொள்ளுமா?

2026 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுப் பேச்சு; 2023 ஜூனில் ஏற்றார்கள், 2025 செப்டம்பரில் உறுதி செய்த நாடுகள் 60ஐ எட்டின. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல், அதாவது மொத்தக் கடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இதன் கீழ் வருகிறது. இதற்கு முன்பு அங்கே ஒரு பாதுகாப்புப் பகுதியை உருவாக்க உலகம் முழுவதற்கும் பொதுவான சட்ட வழியே கிடையாது. இப்போது ஒருமித்த கருத்து வராவிட்டால் நான்கில் மூன்று பங்கு வாக்கில் முடிவெடுக்கலாம். ஒரே ஒரு நாடு வழிமறிக்க முடியாது என்பதால் இது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் மீன்பிடி அமைப்புகள் போன்ற ஏற்கெனவே உள்ளவற்றின் அதிகாரத்தை இது தொட முடியாது. பிடிவாதம் அங்கேதான் இருக்கும்.

30க்கு 30 என்கிறார்களே, அது என்ன? நடக்கிற காரியமா?

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஏற்ற குறிக்கோள்: 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது. அப்போது நிலத்தில் சுமார் 17, கடலில் சுமார் 8 விழுக்காடு பாதுகாப்பில் இருந்தது.

எண்ணை எட்டுவது எளிது, வரைபடத்தில் கோடு போட்டால் ஆயிற்று. எனக்குக் கவலை கோட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது. ஐரோப்பாவில் 'பாதுகாக்கப்பட்ட கடல்' என்று பெயர் வைத்த பல இடங்களில் இன்றும் கனமான இழுவலை கடலடியை உழுதுகொண்டு போகிறது. 2024இல் தன் பாதுகாப்புப் பகுதிகளில் அதைப் படிப்படியாக நிறுத்துவதாகக் கிரீஸ் அறிவித்தது, ஐரோப்பாவில் முதல் நாடாக. உண்மையாகவே மூடினால் பலன் இருக்கிறது. ஹவாயின் பப்பஹானமோகுவாகேயா கடற்பகுதியை 2016இல் விரிவாக்கினார்கள். எல்லைக்கு அருகே மீன்பிடித்தவர்களின் மஞ்சள் துடுப்புச் சூரை பிடிப்பு வீதம் 54 விழுக்காடு கூடியதாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே பெருகியது வெளியே வழிகிறது. மீனவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

பிளாஸ்டிக் ஒப்பந்தம் என்ன ஆனது?

2022இல் நைரோபியில் தீர்மானம் போட்டுத் தொடங்கிய பேச்சு, 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. தயாரிப்பையே குறைப்பதா, குப்பையை மட்டும் கையாள்வதா என்பதுதான் சண்டை. குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைத்து ஆகாது என்பவர்கள் பக்கம் நான்.

எங்கள் நிறுவனம் ஒரு லட்சம் கன்று நட நினைக்கிறது. எந்த மரம் நல்லது?

முதலில் அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று பாருங்கள். புல்வெளியாக இருந்தால் நடவே நடாதீர்கள். புல்வெளி ஒன்றும் வெட்டிய காடு அல்ல. காடாக இருந்து, பக்கத்தில் இன்னும் காடு மிச்சம் இருந்தால், மேய்ச்சலையும் தீயையும் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். விதையைப் பறவையும் காற்றும் கொண்டுவரும். வெப்பமண்டலத்தில் சுமார் 21.5 கோடி ஹெக்டேர் இப்படித் தானே மீளக்கூடியது என்று 2024இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நட்டே ஆக வேண்டிய இடம் என்றால் அந்த மண்ணின் மரங்களை, பல இனமாக. பணத்தில் பாதியை ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கிவையுங்கள்.

பவளப்பாறை பற்றி நல்ல செய்தி ஏதாவது?

இப்போதைக்கு இல்லை. சூட்டில் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை இழந்து வெளுப்பதுதான் வெளிறல். 2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளிறலில், உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 விழுக்காடு வெளிறும் அளவுக்குச் சூட்டைச் சந்தித்தது. வெளிறியது எல்லாம் செத்தது அல்ல; சூடு சீக்கிரம் தணிந்தால் உள்ளே வாழும் பாசிகள் திரும்பி வரும். ஆனால் இரண்டு வெளிறலுக்கு இடையே ஓய்வு குறைந்துகொண்டே போகிறது. இங்கே காரணம் எப்போதோ தெரிந்துவிட்டது. நிறுத்த வேண்டியதும் தெரியும்.

பச்சைக் கடலாமையைச் சொல்கிறேன், மனம் ஆறும். 2025 அக்டோபரில், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அது 'அழியும் நிலை'யிலிருந்து 'அச்சம் குறைந்த' நிலைக்கு வந்தது. முட்டையைக் காத்தார்கள், பிடிப்பதை நிறுத்தினார்கள், இழுவலையில் ஆமை தப்பிக்க வழி வைத்தார்கள். பல பத்தாண்டு உழைப்பு. அதே அறிவிப்பில்தான் மெல்லிய அலகுக் குதிரைக்கால் உள்ளான் என்ற பறவை அற்றுப்போனதாகவும் எழுதினார்கள். கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1995இல், மொராக்கோவில்.

அணையை இடிப்பது வளர்ச்சிக்கு எதிரானது இல்லையா?

எல்லா அணையையும் யாரும் இடிக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024இல் அகற்றி முடித்தார்கள். மின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் மீன்வழி அமைக்க வேண்டும். அதைவிட இடிப்பது மலிவு என்று கணக்கு வந்தது. அதற்கு முன்பு 2002இல் அந்த ஆற்றில் பல்லாயிரம் சால்மன்கள் செத்து மிதந்தன. யூரோக், காருக் பழங்குடியினர் அதன் பிறகு ஓயவே இல்லை. பழைய நீர்த்தேக்கச் சேற்றில் தூவுவதற்கு அந்த மண்ணின் செடிகளின் விதையை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்கள். வேலை முடிந்த அதே அக்டோபரில், அணைகள் இருந்த இடத்துக்கு மேலே, ஆரிகனில் ஒரு சிற்றோடையில் சினூக் சால்மன் தெரிந்தது. 1912க்குப் பிறகு கடலிலிருந்து அங்கே வந்த முதல் மீன். மீனுக்கு யாரும் வழி காட்டவில்லை, வழியை விட்டார்கள்.

முதலில் கேட்ட மாணவியே மீண்டும்: மேடம், அந்த நட்சத்திர மீன்கள் திரும்பி வருமா?

வரலாம். அமெரிக்காவில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் குஞ்சுப் பருவத்திலிருந்தே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கிருமி எது என்று தெரிந்ததால், இனி எந்த விலங்கு நோயைத் தாங்குகிறது என்று சோதித்து, அதன் வழி வந்ததைக் கடலில் விட முடியும். விடுவதற்கு முன்பு அந்த நீரில் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

கனடாவின் மேற்குக் கரையில் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே போகும் ஆழமான கடற்கால்கள் இருக்கின்றன. பெரிய சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் அங்கே இன்னும் உயிரோடு உள்ளன. மற்ற இடங்களைவிட நீர் குளிர்ச்சி. இந்தக் கிருமிக்கோ சூடு பிடிக்கும் போலத் தெரிகிறது. ஆய்வாளர்கள் இப்போது அந்தக் குளிர்நீரில் முங்கி, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.