கல்யாண ரிசப்ஷன் கேக்குக்கு 30,000 ரூபாய் போதுமா?

கேள்வி: தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு 600 பேர் வருவார்கள். மொபைலில் ஒரு படத்தைக் காட்டி, அதேபோல மூன்று ஸ்டெப் கேக் வேண்டும் என்கிறாள். கேக்குக்கு மட்டும் 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எப்படித் திட்டம் போடுவது?

போதும். ஆனால் வெட்டுகிற கேக்கையே 600 பேருக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் போதாது.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன், எட்டு வருடமாக. முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். படத்தில் பெரிதாகத் தெரிகிற மூன்று ஸ்டெப் கேக் எத்தனை பேருக்கு வரும் தெரியுமா? 6, 8, 10 இஞ்ச் வட்டங்களை அடுக்கி, வெளிநாட்டுக்காரர்கள் போல ஒரு இஞ்சுக்கு இரண்டு இஞ்ச் என்று மெலிதாக நறுக்கினாலே 12, 24, 38 என மொத்தம் 74 துண்டுதான். மீதி 526 பேர்?

ஆளுக்கு 50 கிராம் என்றாலும் 600 பேருக்கு 30 கிலோ வேண்டும். படத்தில் இருப்பது போல ஃபாண்டன்ட் (சப்பாத்தி மாதிரித் தேய்த்த சர்க்கரை மாவு) போர்த்திய கேக்குக்கு நான் கிலோ 1,800 வாங்குகிறேன். 30 கிலோவும் அப்படியே செய்தால் 54,000. அதிலும் அந்த ஃபாண்டன்ட்டை யாரும் தின்பதில்லை. உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பந்தி முடிந்ததும் வந்து பாருங்கள், வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும்.

அதனால் காட்சிக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

காட்சிக்கான கேக்கில் கீழ் இரண்டு அடுக்கும் தெர்மாகோல் டம்மி. மேலே அதே ஃபாண்டன்ட், அதே அலங்காரம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உச்சியில் இருக்கும் 6 இஞ்ச் அடுக்கு மட்டும் நிஜ கேக், ஒன்றரை கிலோ. ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் உச்சியை வெட்ட வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், போட்டோவில் நன்றாக இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது. அடி அடுக்கு தெர்மாகோலில் முன்பக்கம் முக்கோணமாக ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் அரை கிலோ நிஜ கேக்கை வைத்துப் பூசி மூடிவிடுவேன். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பூ அடையாளம். கத்தி அங்கே இறங்கினால் நிஜ கேக்தான் வரும்.

போன ஏப்ரலில் ஒரு மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "எம்மா, தெர்மாகோலுக்குப் போயி ஆயிரத்தைநூறு ரூவாயா?" நியாயமான கேள்விதான். தெர்மாகோல் விலை சொற்பம். காசு அதன் மேல் செலவாகும் ஃபாண்டன்ட்டுக்கும், என் இடுப்பு வலிக்கும்.

வாய்க்கான கேக், சாதாரண சதுர ட்ரே கேக். வெண்ணெய் கேக்கோ, பிளம் கேக்கோ. கிலோவுக்கு 20 துண்டு. எங்கள் வீட்டுப் பழைய கல்யாணங்களில் ஒரு துண்டு கேக், ஒரு கை மிக்சர், ஒரு வாழைப்பழம், டீ, அவ்வளவுதான் ரிசப்ஷன். அந்தத் துண்டு கேக்கின் ருசியை இன்னமும் பெரியவர்கள் சொல்கிறார்கள். மேடையில் இருந்த கேக் அப்போதெல்லாம் ராயல் ஐசிங், முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் காய்ந்து ஓடு மாதிரி இருக்கும். தட்டித்தான் உடைக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கு, என் விலையில்: நிஜ கேக் 2 கிலோ 3,600. டம்மி இரண்டு 3,000. சர்க்கரைப் பூ பத்து, ஒன்று 200 என்று 2,000. ஸ்டாண்ட் வாடகை 500. வண்டியும் மண்டபத்தில் அடுக்கிக் கொடுப்பதும் 2,500. ஆக 11,600. ட்ரே கேக் 30 கிலோ, 450 வீதம் 13,500. மொத்தம் 25,100. மீதி 4,900 ரூபாயைத் தொடாதீர்கள். கடைசி வாரத்தில் யாராவது "முட்டை இல்லாத கேக் நாலு கிலோ வேணுமே" என்பார்கள். சைவக்காரர்கள் வருகிறார்கள் என்றால் ஃபாண்டன்ட்டையும் விசாரியுங்கள். பலவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் இல்லாததும் கிடைக்கிறது, முன்னாலேயே சொல்ல வேண்டும்.

குறைக்க வேண்டுமானால் பூவில் குறையுங்கள். ஒரு சர்க்கரை ரோஜாவுக்கு இதழ் இதழாக உருட்டி, கம்பியில் ஒட்டி, காயவைத்து, மறுபடி ஒட்டி என்று இரண்டு நாள் இழுக்கும். தோவாளைச் சந்தையில் நிஜ ரோஜா வாங்கிக் கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம். காம்பில் டேப் சுற்றித்தான் வைக்க வேண்டும், நேராகக் குத்தக் கூடாது. மருந்தடித்த பூவாக இருக்கும். மேடை அலங்காரக்காரர் மிச்சப் பூவை எடுத்துக் கேக்கில் செருக வருவார், விடாதீர்கள். அதில் அரளி இருந்தால் அது விஷம்.

வண்டிச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். தொழில் ஆரம்பித்த புதிதில் மூன்று ஸ்டெப்பும் நிஜ கேக், வீட்டிலேயே அடுக்கி, நாகர்கோவிலுக்குக் காரில் கொண்டுபோனேன். உள்ளே தாங்குவதற்குப் பிளாஸ்டிக் குழாய் நாலு வைக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் வைத்திருந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு வேகத்தடை. பின் சீட்டில் பொத்தென்று ஒரு சத்தம்தான் கேட்டது. நடு அடுக்கு ஒருபக்கமாக இறங்கி, மேல் அடுக்கு கார் கதவில் சாய்ந்து நின்றது. மண்டபத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒட்டுப்போட்டு, உடைந்த பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன். பாதிப் பணம்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு எந்தக் கேக்கும் என் வீட்டிலிருந்து அடுக்கிப் போவதில்லை. தனித்தனிப் பெட்டியில் போகும், மண்டபத்தில்தான் அடுக்குவேன்.

மண்டபத்தில் ஏசி உண்டா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் வெண்ணெய் கிரீம் இளகி வழியும். ஃபாண்டன்ட்டுக்கு அடியில் டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு சேர்த்த கனாஷ் பூசச் சொல்லுங்கள், இறுகி நிற்கும். ஃபாண்டன்ட் கேக்கை ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் மேலெல்லாம் வியர்த்துப் பிசுபிசுக்கும், அதனால் "குளிரக் குளிர கொண்டுவாங்க" என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

எப்போது சொல்வது? மூன்று மாதம் முன்னால். தவக்காலத்தில் சபைக் கல்யாணம் பெரும்பாலும் இருக்காது, அதனால் ஈஸ்டர் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆர்டரே மூச்சு முட்டும். ருசி பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், 14 இலக்கம், இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். தங்கை காட்டுகிற படத்தோடு புடவையின் சின்னத் துணித் துண்டையும் கொண்டுபோங்கள், மொபைலில் தெரிகிற ரோஸ் நிறமும் நேரில் இருக்கிற ரோஸ் நிறமும் ஒன்றில்லை.

இன்னொன்று. எது டம்மி, எது கேக் என்று மண்டபத்தில் பரிமாறுகிற பையன்களிடம் யாராவது ஒருவர் சொல்லி வையுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் சொல்ல மறந்துவிட்டார்கள். வெட்டு முடிந்ததும் ஒரு பையன் நடு அடுக்கைத் துண்டு போடப் போய், கத்தி உள்ளே சிக்கி, வராமல், கேக்கோடு தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினான். டம்மி இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.