மரக் கப்பல் மாடல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கிட் (பாகங்களும் வரைபடமும் அடங்கிய பெட்டி) வாங்கிப் பாய்மரக் கப்பல் மாடல் கட்டத் தொடங்கியவர்கள், தொடங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். வேறு அளவு சொல்லாத இடங்களில் எல்லாக் கணக்கும் 1:64 மாடலுக்கானது, அதாவது உண்மைக் கப்பலில் 64இல் ஒரு பங்கு.

முதல் மாடலே எச்.எம்.எஸ். விக்டரியாக இருக்க வேண்டும் என்று ஆசை. தச்சு வேலை தெரியாது. முயலலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

இப்போது வேண்டாம். விக்டரியில் கஷ்டமான வேலை என்று தனியாக எதுவும் இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் ஆளை வீழ்த்தும். 104 பீரங்கி உள்ள பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது. கிட்டில் கீழ்த்தட்டுப் பீரங்கிகளுக்கு வாய்ப்பகுதி மட்டும் கொடுத்து வேலையைக் குறைத்திருந்தாலும், மேல்தட்டில் இருப்பவற்றுக்கு வண்டி, சக்கரம், கப்பி, கயிறு என்று தனித்தனியாகச் செய்தாக வேண்டும். மூன்று பாய்மரங்களின் கயிறு வேலை அதற்கு மேல். 1:72 அளவில்கூட மாடல் ஒரு மீட்டரைத் தாண்டும். வைக்க இடம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் புதியவர்களுக்கென்றே மூன்று படகுக் கிட்களை வரிசையாக வைத்திருக்கிறது: லோவெல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி (1:24), நார்வீஜியன் செய்லிங் பிராம் (1:12), மஸ்கொங்கஸ் பே லாப்ஸ்டர் ஸ்மாக் (1:24). முதலாவதில் பலகை வளைத்து ஒட்டப் பழகலாம். மூன்றாவதற்கு வரும்போது கயிறு வேலையும் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு பீரங்கி இல்லாத இரட்டைப் பாய்மர ஸ்கூனர் ஒன்று. 1921இல் கனடாவின் லூனன்பர்கில் கடலில் இறங்கிய புளூநோஸ் நல்ல தேர்வு. அதற்கு 1:64 கிட் கிடைக்கிறது.

விலை பாதிக்கும் கீழே இருந்தால் அது திருட்டு நகலாக இருக்கலாம். அப்படிப்பட்ட பெட்டிகளில் வரைபடத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போதே சுருக்கியிருப்பார்கள். வரைபடத்தில் அச்சிட்ட அளவுகோட்டின் மீது ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நூறு மில்லிமீட்டருக்கு இரண்டு குறைந்தாலும், அதிலிருந்து அளந்து வெட்டும் பாகம் எதுவும் மரத்தோடு பொருந்தாது.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

மாற்று பிளேடு கத்தி, மெல்லிய பல் ரம்பம், 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், 0.5 முதல் 1.5 மி.மீ. வரை பிட் போடக்கூடிய கைத்துளைப்பான், ஊசி அரம் ஒரு செட், நேர் முனையும் வளை முனையுமாக இரண்டு இடுக்கி, இரண்டு டஜன் துணி கிளிப். உப்புத்தாள் 120, 220, 320 எண்களில் வாங்கி, 20 செ.மீ. நீளச் சட்டத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கையில் பிடித்துத் தேய்த்தால் விரல் பதிகிற இடமெல்லாம் பள்ளம் விழும். மோட்டார் கருவி இப்போதைக்குத் தேவையில்லை. கை பழகாதவருக்கு அது மரத்தைத் தின்றுவிடும்.

முதல் அடுக்குப் பலகை ஒட்டி முடித்தேன். கப்பலின் பக்கவாட்டில் சில இடங்களில் மேடு, சில இடங்களில் குழி. பலகைகள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று தூக்கி நிற்கின்றன. பசையில் கோளாறா?
– வாசகர், திருச்சி

பசையில் கோளாறு இல்லை. பலகை ஒட்டுவதற்கு முன்னால் குறுக்குச் சட்டங்களை (அடிமரத்தின் குறுக்கே விலா எலும்பு போல நிற்பவை) சாய்த்துத் தேய்த்திருக்க வேண்டும். அந்த வேலை விட்டுப்போயிருக்கிறது.

கிட்டில் வரும் குறுக்குச் சட்டங்களின் ஓரம் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். ஆனால் கப்பலின் உடல் நடுவில் அகன்று, முன்னும் பின்னும் குறுகுகிறது. அதனால் அணியத்துப் பக்கம், அதாவது கப்பலின் முன்முனைப் பக்கம், பலகை சட்டத்தின் முன்விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். அந்த விளிம்பைத் தேய்த்துச் சாய்க்க வேண்டும். பின்பாதியில் இதற்கு நேர்மாறு, பின்விளிம்பைத் தேய்க்க வேண்டும். நடுவில் உள்ள ஒன்றிரண்டு சட்டங்களுக்கு அநேகமாக எதுவும் தேவைப்படாது. முதல் சட்டத்துக்குத்தான் வேலை அதிகம்.

எவ்வளவு தேய்ப்பது என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். கிட்டில் உள்ள 1.5 × 5 மி.மீ. கீற்று ஒன்றை எடுத்து, ஒரே நேரத்தில் குறைந்தது மூன்று சட்டங்களின் மேல் படும்படி வளைத்து வையுங்கள். சட்டத்தின் முழுத் தடிமனும் கீற்றின் அடியில் ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பு மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். எங்குமே தொடாமல் இடைவெளி தெரிந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள். அங்கே மெல்லிய மரச்சீவல் ஒட்டி மறுபடி தேயுங்கள். மேலே, நடுவே, அடியே என மூன்று உயரங்களில் இதைச் சோதிக்க வேண்டும். ஓரங்களில் பென்சிலால் கரி பூசிக்கொண்டால் எங்கே தேய்ந்தது, எங்கே தேயவில்லை என்பது உடனே தெரியும். லேசர் வெட்டிய கருகலும் இதிலேயே போய்விடும். கருகல் மேல் பசை சரியாகப் பிடிக்காது.

அணியத்தில் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பால்சா கட்டை வைத்து நிரப்பிச் செதுக்கிவிடுங்கள். கிட் அதைக் கேட்காவிட்டாலும் செய்யுங்கள். வளைவு மிகுந்த அந்த இடத்தில் பலகைக்கு ஒட்டப் பிடிமானம் போதாது.

இப்போது உங்கள் கையில் இருப்பதைக் காப்பாற்றலாம். முதல் அடுக்கு எப்படியும் இரண்டாம் அடுக்கின் அடியில் மறைந்துவிடும். மேடுகளைத் தேயுங்கள், ஆனால் 1.5 மி.மீ. பலகையில் பாதிக்கு மேல் போகாதீர்கள். குழிகளை வுட் ஃபில்லர் வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் ஒட்டிய நீளச் சட்டத்தால் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை முன்னிருந்து பின்னுக்கு ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புகிற மேடு கைக்குத் தப்பாது.

நடுவில் 5 மி.மீ. பலகைகள் அழகாக உட்காருகின்றன. அணியம் போகப்போக நெருக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பக்கவாட்டில் வளைத்தால் ஒடிகின்றன.
– வாசகர், சிங்கப்பூர்

அணியத்தில் சுற்றளவு குறைவு. பலகையின் எண்ணிக்கை மாறாதபோது அகலம்தானே குறைய வேண்டும்? ஒரு துண்டுக் காகிதக் கீற்றை எடுத்து, நடுச்சட்டத்தில் தள விளிம்பிலிருந்து அடிமரம் வரை சுற்றி அளந்து பாருங்கள். 95 மி.மீ. வந்தால், 5 மி.மீ. பலகை 19 தேவை. முதல் சட்டத்தில் அதே அளவு 57 மி.மீ. என்றால், 57ஐ 19ஆல் வகுத்தால் 3. ஆக ஒவ்வொரு பலகையும் நடுவில் 5இல் தொடங்கி அணியத்தில் 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். எல்லாச் சட்டத்திலும் இப்படி அளந்து பென்சிலில் குறித்துவிட்டால், ஒட்டும்போது பலகை எங்கே போக வேண்டும் என்று சட்டமே சொல்லும்.

பலகையைப் பாதிக்கும் கீழே குறுக்கக் கூடாது. முதல் சட்டத்தில் 38 மி.மீ.தான் இருக்கிறது என்றால் கணக்குப்படி 2 மி.மீ. வரும்; அது ஆகாது. 2.5 வைத்தால் 15 பலகைகள்தான் அணியம் வரை போகும். மீதி நான்கும் வழியிலேயே, பக்கத்துப் பலகையில் வெட்டிய படியில் போய் முடிய வேண்டும். கூர்முனையாகச் சீவி முடிக்காதீர்கள். அந்த முனை பிளந்து மேலே எழும்பும். பின்பக்கம் இதற்கு எதிர். அங்கே சுற்றளவு கூடினால் இடைவெளி விழும். பலகையை இழுத்து மூடாமல், இடைவெளியைக் கூடுதல் துண்டால் நிரப்புங்கள்.

ஒடிவதற்குக் காரணம், கீற்றின் தட்டையான பக்கம் வளையும், ஓரப் பக்கம் வளையாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் மெதுவாக வளையுங்கள். இரண்டாம் அடுக்கின் வால்நட் 0.5 அல்லது 0.6 மி.மீ.தான் இருக்கும், அதற்குச் சில நிமிடம் போதும். ஆனால் அது முறுகலான மரம், அவசரப்படுத்தினால் ரேகை வழியே உடையும்.

இடது, வலது என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் அடிமரமே முறுக்கிக்கொள்ளும். பிறகு அதை நிமிர்த்த வழியில்லை.

மழைக்காலத்தில் ஒட்டினேன். மார்ச்சில் பலகைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. கயிறுகளும் தொய்கின்றன.
– வாசகர், நாகப்பட்டினம்

மரம் ஈரத்தில் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில் உப்பும். ஊறவைத்த பலகையை ஈரத்தோடு ஒட்டியிருந்தால் காயும்போது சுருங்கி இடைவெளி காட்டும். வளைத்த பலகையைக் கப்பலிலேயே கிளிப் போட்டுக் காயவிட்டு, பிறகு எடுத்துப் பசை போடுங்கள். வெயில் காலத்தில் ஒரு இரவு போதும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு முழு நாளாவது விடுங்கள். கீற்றுக் கட்டைப் பிரித்து, மாடல் நிற்கப் போகிற அறையிலேயே ஒரு வாரம் பரப்பி வைப்பதும் நல்லது.

பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கி, காய்ந்தால் தளரும். உங்கள் ஊருக்கு பாலியஸ்டர் நூல்தான் சரி. கிட்டில் வந்ததைத் தூக்கிப் போடுவதில் வருத்தம் வேண்டாம், பெரும்பாலும் அதில் பிசிறும் அதிகம்.

வார்னிஷ் அடித்ததும் அங்கங்கே வெளிர் திட்டு. ஏன்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பசைக்கறை. வெள்ளைப் பசை கசிந்து மரத்தின் துளைகளை அடைத்த இடத்தில் வார்னிஷ் இறங்காது. ஃபெவிக்விக் வகைப் பசையானால் திட்டு கண்ணாடி போலக் கறுத்துத் தெரியும். கசிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். வார்னிஷுக்கு முன் டர்பன்டைன் நனைத்த துணியை ஒரு முறை ஓட்டினால் கறைகளையெல்லாம் காட்டிக்கொடுக்கும். உலர்ந்ததும் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள். பளபள வார்னிஷைத் தவிர்த்து, பளபளப்பில்லாத மேட் வாங்குங்கள்.

தேக்கு எங்களிடம் நிறைய இருக்கிறது. கிட் மரத்துக்குப் பதில் அதையே கீற்றாக அறுத்துக்கொள்ளலாமா?
– தச்சர், கும்பகோணம்

உண்மைக் கப்பலுக்குத் தேக்கை மிஞ்ச மரமில்லை. 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டி இறக்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஆனால் மாடலுக்கு அது ஒவ்வாது. தேக்கின் துளை கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 64 மடங்கில் அது 16 மி.மீ. ஓட்டை. தளமெல்லாம் பூச்சி அரித்த மாதிரி இருக்கும். எண்ணெய்ப்பசை வேறு.

துளை தெரியாத நெருக்கமான மரம் தேடுங்கள். மஞ்சக்கடம்பு மஞ்சள் நிறத்தில் சீராக அறுபடும். சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடையும் வெட்பாலை வெள்ளையாக, தந்தம் போல வரும்; 3 மி.மீ. கப்பிகளுக்கு அதைவிட நல்லது கிடைப்பது கடினம்.

கோல்டன் ஹைண்ட் கட்டுகிறேன். அடியில் செப்புத்தகடு ஒட்டினால் அழகாக இருக்குமே?
– வாசகர், சென்னை

அழகாக இருக்கும், தவறாகவும் இருக்கும். ஆங்கிலக் கடலோடி டிரேக் 1577இல் அதில் புறப்பட்டார். பிரிட்டிஷ் கடற்படை முதன்முதலில் எச்.எம்.எஸ். அலார்மில் செப்புத்தகடு அடித்துப் பார்த்ததே 1761இல்தான்; கடற்படை முழுவதும் பரவ 1780 ஆனது. உங்கள் கப்பலுக்கு அடிப்பகுதியில் மங்கிய வெள்ளைப் பூச்சு போதும்.

செம்பு ஒட்டியே தீர வேண்டும் என்றால் பவுண்டி மாதிரி 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். 4 அடிக்கு 14 அங்குலத் தகடு இந்த அளவில் 19 × 5.5 மி.மீ. ஆகும். பின்னாலிருந்து முன்னோக்கி ஒட்டுங்கள். முன்தகடு பின்தகட்டின் மேல் படிந்தால்தான் ஓடும் நீர் விளிம்பைத் தூக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல்ரேகை சில வாரத்தில் கறுத்து நிலைத்துவிடும்.

பாய்மரத்தின் இருபக்கமும் ஏறும் கயிற்று ஏணி கட்டினேன். நடுவில் இடுப்புச் சிறுத்துவிட்டது. பாய்மரமும் ஒரு பக்கம் சாய்கிறது.
– வாசகர், மலேசியா

இரண்டுக்கும் காரணம் வேறு. சாய்வு, ஒரு பக்கத்துத் தாங்கு கயிறுகளை (பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பவை, ஏணியின் நெடுக்குக் கயிறுகள்) முழுக்கக் கட்டிவிட்டு மறுபக்கம் போனதால் வருவது. கயிறுகள் ஜோடி ஜோடியாகப் பாய்மர உச்சியில் மாட்டப்படுபவை. முதல் ஜோடி வலப்பக்கம் முன்னால், அடுத்தது இடப்பக்கம் முன்னால், அப்படியே பின்னோக்கி மாற்றி மாற்றிப் போட வேண்டும். கீழே மூன்று துளை டெட்ஐகள் (கயிற்றை இறுக்கக் கட்டும் வட்ட மரக்கட்டைகள்) ஒரே உயரத்தில் நிற்க, கம்பியை 'ப' வடிவில் வளைத்து, மேல் டெட்ஐக்கும் கீழ் டெட்ஐக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கட்டுங்கள். எல்லாம் கட்டி முடியும்வரை இறுதி முடிச்சில் பசை வேண்டாம்.

இடுப்புச் சிறுப்பது குறுக்கு நூலை இழுத்துக் கட்டுவதால். இந்தப் படிக்கட்டு நூல் உண்மைக் கப்பலில் 13 முதல் 15 அங்குல இடைவெளியில் இருக்கும், மாடலில் 5.5 மி.மீ. வையுங்கள். அந்த இடைவெளியில் கோடு போட்ட அட்டையைக் கயிறுகளுக்குப் பின்னால் பொருத்துங்கள். கயிறுகள் உள்ளே வராமலிருக்க இரண்டு விறைப்பான கம்பிகளைக் குறுக்கே தற்காலிகமாகக் கட்டிவிடுங்கள். முதலில் ஐந்து வரிக்கு ஒன்றாகக் கட்டி, பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். நடுக்கயிறுகளில் குளோவ் ஹிட்ச் முடிச்சு. இரண்டு முடிச்சுக்கு நடுவே நூல் இம்மியளவு தொங்கலாம், விறைக்கக் கூடாது. பத்து வரி முடிந்ததும் சற்றுத் தள்ளி நின்று ஓரக் கயிறு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நேராக இருந்தால் முடிச்சுகளில் நீர்த்த பசை ஒரு துளி.

தாங்கு கயிறுகள் கறுப்பு அல்லது கரும்பழுப்பு, ஏனென்றால் அவற்றுக்குத் தார் பூசுவார்கள். பாயை இழுக்கும் கயிறுகள் சணல் நிறம். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுக் கட்டினால் பிசிறு படியும்.

பழைய மாடலின் பீரங்கிகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது. பூஞ்சையா?
– வாசகி, மதுரை

ஈயமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றைக் கழற்றி, வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் அது ஈயக் கலவை. மூடிய பெட்டிக்குள் ஓக் மரம், எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை), வினிகர் வாசம் அடிக்கும் சிலிகான் ஆகியவை வெளியிடும் அமில ஆவி ஈயத்தை இப்படிப் பொடியாக்கும். பொடி நஞ்சு. ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ் போடாதீர்கள். கையுறையோடு ஈரத்துணியில் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். அந்தப் பீரங்கிகளை மாற்றிப் பித்தளை வையுங்கள். பெட்டியின் அடித்தளம் எம்.டி.எஃப். ஆக இருந்தால் அதையும் மாற்றிவிட்டு, இரண்டு பக்கமும் 6 மி.மீ. துளை நாலைந்து போட்டு, தூசி வராமல் உள்ளே மெல்லிய வலைத்துணி ஒட்டுங்கள்.