படியேறச் சொன்னால் உறுமும் லாப்ரடார்

உங்கள் லாப்ரடாரை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஐந்தாவது வீடு தேடாதீர்கள், முதலில் இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள். அதற்கு மூன்று வயது, உங்கள் வீடு அதற்கு நாலாவது, மற்ற நேரம் சாது, மாடிப்படி ஏறக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் மட்டும் உறுமல் என்கிறீர்கள். முரட்டுத்தனமாகத் தெரியவில்லை. வலியாகத்தான் இருக்கும்.

இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு லாப்ரடார்களில் சகஜம். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஹிப் டிஸ்பிளேசியா என்பார்கள். தாய், தகப்பன் இரண்டின் இடுப்பையும் எக்ஸ்ரே பார்த்த பிறகே இணை சேர்க்க வேண்டும். மொட்டைமாடிக் கூண்டில் ஈற்றுக்கு மேல் ஈற்று எடுப்பவர் அதையா பார்ப்பார்? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்ற 2017 மத்திய அரசு விதியையே மதிப்பதில்லை. குட்டி வளர்ந்து வலியில் உறுமினால் 'கோபக்கார நாய்' என்று கைமாற்றிவிடுகிறார்கள்.

நாளை காலை அது எழும்போது பாருங்கள். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுகிறதா? ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவுகிறதா? போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் பயத்தில் பல நாய்கள் நொண்டாமலே நடந்துவிடும்.

வீட்டில் இருக்கும் ஐபுப்ரூஃபன் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் என் கணிப்பு தப்பு. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும், ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

அதுவரை படி வேண்டாம். டைல்ஸ் தரையில் பழைய சாக்கு விரியுங்கள். எங்கள் கிழட்டு நாய் அதில்தான் வழுக்காமல் சாப்பாட்டுத் தட்டுவரை நடந்தான்.