அடிக்கடி கழுவியும் குளியலறை கறுப்பது ஏன்?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), மலிவு விலை வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். குளியலறையும் குந்தும் கழிப்பறையும் சமையலறைக்குப் பின்னால் ஒன்றாகவே உள்ளன. மூலையில் ஓடு பதித்த தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. குழாய்த் தண்ணீர் தடைபடும் நாள்களில் துளைக்கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறோம். கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. எழுபது வயதான மாமியார் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார், மஞ்சளும் பூசுவார். வாரந்தோறும் குளோரொக்ஸ் என்னும் வெளுப்பு நீரை ஊற்றித் தேய்க்கிறேன். ஆனாலும் இரண்டு மூன்று நாளிலேயே தரை வழுக்குகிறது, ஓடுகளின் இடுக்கு கறுக்கிறது, பழுப்புக் கறை கூடிக்கொண்டே போகிறது, மழைக்காலத்தில் வாடையும் வீசுகிறது. எளிய வழி உண்டா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதில் நான்கு வெவ்வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு, பூஞ்சை, இரும்புக் கறை, கழிவுநீர் வாடை ஆகிய நான்குக்கும் ஒரே குளோரொக்ஸ் புட்டியை நம்பியிருப்பதால்தான், வாரந்தோறும் தேய்த்தும் பயன் நிலைக்கவில்லை. இந்த நான்கில் பூஞ்சைக்கு மட்டுமே அது மருந்து. இரும்புக் கறையை அது மேலும் அழுத்தமாக்கிவிடும். எனவே எதை ஊற்றுவது என்று பார்ப்பதற்கு முன்னால், ஈரத்தை எப்படி வெளியேற்றுவது என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியாகவே 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. குளிர்காலம் என்றோ வறண்ட காற்று என்றோ எதுவும் நமக்குக் கிடையாது. பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவை விழுந்த இடம் ஒன்றிரண்டு நாள் ஈரமாகவே இருந்துவிட்டால் முளைத்துவிடும். காலையில் ஐந்து பேர் குளித்து, மாலையில் மறுபடியும் ஐந்து பேர் குளிக்கும் வீட்டில் தரையும் சுவரும் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தை வாரம் ஒரு முறை எவ்வளவு கடுமையான மருந்தால் கழுவினாலும், மருந்தின் வேகம் தீர்ந்த மறுநாளே பூஞ்சை திரும்பத் தலையெடுக்கும்.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நீண்ட பிடியுள்ள ரப்பர் தள்ளுகட்டை ஒன்றைத்தான். காலைக் குளியல் முடிந்ததும் ஒரு முறை, இரவில் கடைசியாகக் குளிப்பவர் ஒரு முறை, சுவரின் கீழ்ப்பாதியிலும் தரையிலும் நிற்கும் நீரை வடிகாலை நோக்கித் தள்ளிவிட வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் எல்லாரும் செய்யப் பழகினால்தான் இது நிலைக்கும். மருமகள் ஒருத்தியின் வேலையாக இதை விட்டுவிடக் கூடாது. குளிக்காத நேரத்தில் கதவைத் திறந்தே வையுங்கள். நாக்கோ சன்னல் இருந்தால் அதன் கண்ணாடிப் பட்டைகளை எப்போதும் திறந்த நிலையில் விட்டு, அவற்றில் படிந்த தூசியை மாதம் ஒரு முறை துடையுங்கள். தலைக்கு மேலே காற்றுத் துளைக்கல் இருந்து, கொசுவுக்குப் பயந்து அதை அட்டை வைத்து அடைத்திருந்தால், அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியைப் பொருத்துங்கள். ஈரத் துண்டுகளையும் அழுக்குத் துணி வாளியையும் குளியலறைக்குள் வைக்காமல் இருப்பதே பாதி வேலையைக் குறைக்கும்.

அடுத்தது வழுக்கல். எழுபது வயதானவர் நடமாடும் வீட்டில் கறுப்புக் கறையைவிட இதுதான் அவசரமானது என்று கருதுகிறேன். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ குளிக்கும்போது முழுவதும் கரைந்து போய்விடுவதில்லை. சீயக்காய்த் தூளோடும் சோப்போடும் கலந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக ஓட்டின்மேல் படிகிறது. அந்தப் படலத்தை உணவாகக் கொண்டு நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பைக் கூட்டுகின்றன. சோப்புக் கிண்ணத்திலும் குழாயடியிலும் இளஞ்சிவப்பாகப் படிவதும் பெரும்பாலும் இத்தகைய நுண்ணுயிர்தான். குளோரொக்ஸில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டு எண்ணெயைக் கழுவி எடுக்கும் பொருளன்று. அழுக்கின்மேல் ஊற்றினால் அதன் வேகம் அழுக்கோடு மோதியே தீர்ந்துவிடும். அடியில் உள்ள பூஞ்சைக்குப் போய்ச் சேராது. முதலில் பிசுக்கை எடுக்க வேண்டும், பிறகுதான் கிருமியைக் கொல்ல முடியும் என்ற வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள்.

பிசுக்கை எடுக்க விலையுயர்ந்த மருந்து தேவையில்லை. சட்டி கழுவும் திரவ சோப்பில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, அரை வாளி வெந்நீரில் கலந்து தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். தேய்ப்பதற்குத் தேங்காய் நாரோ கெட்டியான பிளாஸ்டிக் தூரிகையோ நல்லது. ஈர்க்கு விளக்குமாறு நீரைத் தள்ளுவதற்கு உதவுமே தவிர, இடுக்கில் உள்ள பிசுக்கை எடுக்காது. இரும்புக் கம்பி நாரை மட்டும் குளியலறைக்குள் கொண்டு வராதீர்கள். அது ஓட்டின் பளபளப்பைக் கீறுவதோடு, உதிரும் துணுக்குகள் துருப்பிடித்துப் புதிய பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். மாமியார் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில், அவர் வெளியே வந்தவுடன் இந்த வெந்நீர்க் கழுவலைச் செய்துவிடுங்கள். எண்ணெய் காய்ந்து இறுகிய பிறகு எடுப்பதைவிட அப்போதே எடுப்பது மிகவும் எளிது. வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டிருந்தால், குளித்து முடிந்ததும் அதைத் தூக்கிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். தரையிலேயே கிடந்தால் அதன் அடிப்பக்கம்தான் வீட்டிலேயே மிக வழுக்கலான இடமாகும்.

பிசுக்கு நீங்கிய பிறகும் இடுக்கில் கறுப்பு இருந்தால் அது பூஞ்சை. அங்கேதான் குளோரொக்ஸுக்கு வேலை. ஒரு பங்கு குளோரொக்ஸுக்குப் பத்துப் பங்கு குளிர்ந்த நீர் என்ற அளவில், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். கலந்து வைத்தது நாள்படச் சக்தி இழந்துவிடும். கையுறை அணிந்து, கதவையும் சன்னலையும் திறந்து வைத்து, கறுத்த இடத்தில் பூசிப் பத்து நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். சுவரின் விளிம்பில் கறுப்பு பிடிவாதமாக நின்றால், மெல்லிய காகிதத் துண்டை அந்தக் கரைசலில் நனைத்து அங்கே ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். மஞ்சள் கறைக்கும் இதே கரைசல் போதும். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். காரத்தன்மை பட்டால் மஞ்சளின் நிறப்பொருள் அப்படித்தான் மாறும். வெயில் படும் இடமாக இருந்தால் மஞ்சள் தானாகவே வெளுத்துவிடும்.

உங்கள் பழுப்புக் கறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உங்கள் உழைப்பு வீணாகிறது. துளைக்கிணற்று நீரில் இரும்பு கரைந்திருக்கும்போது தண்ணீர் தெளிவாகவே தெரியும். காற்றுப் பட்ட பிறகு அது துருவாக மாறி, நீர் ஓடும் பாதையில் படியும். குளோரொக்ஸ் இந்த மாற்றத்தை விரைவுபடுத்துவதால், கறை வெளுப்பதற்குப் பதிலாக ஆழமாகப் பற்றிக்கொள்கிறது. நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஊற்ற ஊற்றக் கறை கூடியதற்கு இதுவே காரணமாக இருக்கும். இரும்புக் கறைக்கு மிதமான அமிலம் வேண்டும். கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் சிட்ரிக் அமிலத் தூள் கிடைக்கும்; ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்துப் பூசலாம். ஊறவைத்த புளியும் எலுமிச்சைச் சாறும் இதே இனம்தான் என்றாலும், தரை முழுவதற்கும் அவை கட்டுப்படியாகா. ஓடுகளுக்கு இடையே உள்ள பூச்சு சிமெண்டால் ஆனது. அமிலம் அதை அரிக்கும். ஆகையால் முதலில் வெறும் நீரால் தரையை நன்றாக நனைத்து, சிமெண்டு நீரைக் குடித்த பிறகு கரைசலைப் பூசுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் அலசிவிடுங்கள். வெறும் சிமெண்டுத் தரை உள்ள, தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளில் இந்த முறையைக் கையாளவே கூடாது.

கறை மறுபடி வராமல் இருக்க, துளைக்கிணற்று நீரை நேரே தொட்டியில் விடாமல், மூடியுள்ள தோங்கு (பெரிய பீப்பாய்) ஒன்றில் உயரத்திலிருந்து கொட்டிப் பிடித்து ஓர் இரவு தெளியவிடுங்கள். இரும்பில் ஒரு பகுதி அடியில் செம்மஞ்சள் வண்டலாகத் தங்கிவிடும். மேல்நீரை மட்டும் மொண்டு தொட்டிக்கு மாற்றலாம். கழிப்பறையில் நீர் இறைக்கும் பெட்டி (ஃபிளஷ் தொட்டி) இருந்தால், அது ஓயாமல் கசிகிறதா என்பதையும் பாருங்கள். பெட்டிக்குள் உணவுக்குச் சேர்க்கும் சிவப்புச் சாயத்தில் சில துளிகளை விட்டு, கால் மணி நேரம் யாரும் நீர் இறைக்காமல் இருங்கள். கீழே உள்ள கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பானை மாற்ற வேண்டும்.

இப்போது உயிரோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை. குளோரொக்ஸ் பட்ட இடத்தில் சிட்ரிக் அமிலமோ வினிகரோ, ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடங்கிய கழிப்பறை மருந்தோ பட்டால் குளோரின் வாயு எழும். மூடிய சிறிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அம்மோனியா கலந்த மருந்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான் வரும். எனவே ஒரு நாளில் ஒரே மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரொக்ஸுக்கு ஒரு நாள், அமிலத்துக்கு வேறொரு நாள். ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தை யாராவது கழிப்பறைக்கு நல்லதென்று கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். தோலையும் கண்ணையும் அது சுட்டுவிடும். குளோரொக்ஸோடு கலந்தால் ஆபத்து இன்னும் பெரிது. எந்த மருந்தையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது, பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோடா மாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவதைப் பார்த்துப் பலர் மகிழ்கிறார்கள். அதில் ஆபத்தில்லை, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் கழுவும் சக்தி ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பொறுத்தவரை, ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை முழுவதும் வடித்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். ஆனால் முட்டைகள் நீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, பல மாதம் காய்ந்து கிடந்தும் பிழைத்திருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வடிக்க முடியாத பெரிய தொட்டியாக இருந்தால், 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் என்ற அளவில் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் குருணையைப் போடலாம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வீட்டுக்குள் கொசுப் புழு காணப்பட்டால் அபராதமும் உண்டு. உங்கள் வீட்டில் உண்மையில் தொட்டி தேவையில்லை என்றால், மூடியுள்ள இரண்டு வாளிகளே மேலானவை என்பது என் எண்ணம்.

கடைசியாக வாடை. தரை வடிகாலின் சல்லடையைக் கழற்றி, உள்ளே சிக்கியுள்ள தலைமுடியையும் சோப்புக் கூழையும் வாரம் ஒரு முறை கையுறையோடு எடுத்துவிடுங்கள். அதன் வளைவில் தேங்கி நிற்கும் சுமார் 50 மில்லிமீட்டர் நீர்தான் சாக்கடைக் காற்று உள்ளே வராமல் தடுக்கிறது. நீங்கள் ஊருக்குப் போய்ச் சில வாரம் வீடு பூட்டிக் கிடந்தால் அந்த நீர் வற்றிவிடும், திரும்பி வந்ததும் ஒரு வாளி நீர் ஊற்றினால் சரியாகும். வாடை மழைக்காலத்தில் மட்டும் கூடுவதால், வெளியே உள்ள கழிவுத்தொட்டி நிறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளோரொக்ஸையும் கிருமிநாசினியையும் அளவுக்கு மீறி ஊற்றினால், அந்தத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் மடிந்துவிடும். 2 ஆண்டுக்கு ஒரு முறை கசடு இறைக்க வேண்டும் என்பது கழிவுநீர்ச் சேவையைக் கவனிக்கும் இன்டா வாட்டர் நிறுவனத்தின் அறிவுரை. சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியபோது தொட்டி மூடியின்மேல் சிமெண்டு பூசிவிட்ட வீடுகள் தாமான்களில் நிறைய உண்டு. உங்கள் வீட்டில் மூடி எங்கே இருக்கிறது என்று கணவரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரிந்த பிறகுதான் லாரிக்குச் சொல்லி அனுப்ப முடியும்.