போராட்டம் பண்ணா நிஜமாவே ஏதாவது மாறுமா, இல்ல டிராஃபிக் ஜாம் மட்டும்தானா?

மாறும். நம்ம பெங்களூர்லயே நடந்தத சொல்றேன். 2016 பிப்ரவரில மத்திய அரசு பி.எஃப்.ல, அதாவது தொழிலாளியும் முதலாளியும் மாசாமாசம் பங்கு போடற வருங்கால வைப்பு நிதில, ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, வேலைய விட்டாலும் முதலாளி போட்ட பங்க 58 வயசு வரைக்கும் எடுக்க முடியாதுன்னு. நல்ல சம்பளம் வாங்கறவங்களுக்கு இது பெருசா தெரியாது. ஆனா கார்மென்ட்ஸ்ல தைக்கிற அக்காங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ், பொண்ணு கல்யாணம், வட்டிக் கடன்னு எது வந்தாலும் வேலைய விட்டு அந்தப் பணத்த எடுத்துதான் சமாளிக்கணும், சேமிப்புன்னு இருக்கறதே அது ஒண்ணுதான். 58 வயசு வரைக்கும் அந்த மெஷின் முன்னாடி யாரால உட்கார முடியும் சொல்லுங்க?

ஏப்ரல் 18 பொம்மனஹள்ளில ரோட்டுக்கு வந்துட்டாங்க, பெரும்பாலும் பொம்பளைங்க, எந்தப் பெரிய தலைவரும் கூப்பிட்டு வரல. ஓசூர் ரோடு அப்படியே நின்னு போச்சு, மறுநாள் தும்கூர் ரோடு வரைக்கும் பரவிடுச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, பஸ் எரிப்புன்னு ஆயிடுச்சு, பஸ் எரிச்சத நான் நியாயப்படுத்தல. முதல்ல ஜூலை 31 வரைக்கும் தள்ளி வைக்கறோம்னாங்க, கூட்டம் கலையல, 19ஆம் தேதி சாயங்காலமே அந்த ரூல ரத்து பண்ணிட்டாங்க. அதனால பலன் கிடைச்சது நாடு முழுக்க பி.எஃப். கட்டற எல்லாருக்கும், அன்னைக்கு ஜாம்ல மாட்டிக்கிட்டு திட்டின ஐடி ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான். அரெஸ்ட் ஆனது மட்டும் ரோட்டுல நின்னவங்க.